வானிலிருந்து வந்த சிறுவன்: ‘குட்டி இளவரசன்’ நூலின் வரலாறு

பொழிச்சலூர் மக்களுக்கு விமானம் புதுமைப் பொருள் அன்று. மீனம்பாக்கம் விமான நிலையத்திற்கு மேற்கே, அடையாற்றுக்கு அணித்தாக அமைந்த இவ்வூரில், கூரைக்கு மேலே எழும் பேரொலியால் வீட்டுப் பேச்சு நடுவில் நின்று, ஒலி அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது அன்றாட நிகழ்ச்சி. பெரியவர்கள் அந்த ஒலியைத் தொல்லையாகக் கருதுகின்றனர். தெருவில் விளையாடும் குழந்தைகளோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கின்றனர். பொருள் ஒன்றே, பார்வை இரண்டு. பெரியவர் காண்பதையும் குழந்தை காண்பதையும் பிரிக்கும் இந்த இடைவெளியையே கருப்பொருளாகக் கொண்டு விமானி ஒருவர் எழுதிய சிறுநூல், உலகில் மிகுதியாக மொழிபெயர்க்கப்பட்ட இலக்கியங்களுள் ஒன்றாக விளங்குகிறது. அந்த்வான் து செந்த்-எக்சுபெரி என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் அந்நூலைத் தமிழுலகம் ‘குட்டி இளவரசன்’ என்னும் பெயரால் அறியும்.

குழந்தைகளுக்கென எழுதப்படும் நூல்களுள் பெரும்பாலானவை அவற்றைப் படித்த தலைமுறையோடு மறைந்துவிடுகின்றன. சில மட்டுமே பாட்டன் கையிலிருந்து பேரன் கைக்கு வருகின்றன. 1865இல் வெளியான ஆலிஸின் கதையும், 1883இல் நூலாக வந்த மரப்பொம்மைச் சிறுவன் பினோக்கியோவின் கதையும் அத்தகையவை. 1943இல் வெளியான குட்டி இளவரசனும் அவ்வரிசையில் சேர்ந்து எண்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டான். ஒரு நூல் இவ்வாறு நிலைத்து நிற்பதற்கு அதன் இனிமை மட்டும் காரணமாகுமா என்பது ஆராயத்தக்க வினா. இந்நூலின் வரலாற்றைப் பார்ப்போர்க்கு, அது பிறந்த சூழலில் இனிமை மிகக் குறைவாகவே இருந்தது என்பது விளங்கும்.

அஞ்சல் விமானி

செந்த்-எக்சுபெரி 1900ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பிறந்தார். நான்கு வயது நிரம்புமுன் தந்தையை இழந்தார். தாயின் அரவணைப்பில் உடன்பிறந்தாரோடு வளர்ந்த அவருக்கு, 1917இல் தம்பி பிரான்சுவாவின் மரணம் பேரிடியாக அமைந்தது. பதினைந்து வயதே ஆன அத்தம்பி, தன் முடிவை அறிந்து, அஞ்சாமல் அண்ணனை அருகழைத்துப் பேசி விடைபெற்ற காட்சியை அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். குட்டி இளவரசனின் கடைசி இரவில் காணப்படும் அமைதிக்கும் இந்த நினைவுக்கும் தொடர்பு உண்டு என்பது திறனாய்வாளர் பலரின் கருத்து.

1921இல் இராணுவப் பணியின்போது விமானம் ஓட்டக் கற்ற அவர், 1926இல் தூலூசு நகரிலிருந்து இயங்கிய அஞ்சல் விமான நிறுவனத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் விமானி என்பவன் உயிரைப் பணயம் வைத்துக் கடிதம் சுமந்தவன். திசைகாட்டும் கருவிகள் போதாமலும், வானிலைச் செய்தி கிடைக்காமலும், திறந்த இருக்கையில் காற்றையும் மணலையும் எதிர்த்துச் சென்ற அவர்களுள் பலர் திரும்பவில்லை. 1927இல் செந்த்-எக்சுபெரி சகாராவின் மேற்குக் கரையில் கேப் ஜூபி என்னும் தனித்த நிலையத்திற்குப் பொறுப்பாளராக அனுப்பப்பட்டார். ஒருபுறம் கடலும் மறுபுறம் பாலையும் சூழ்ந்த அவ்விடத்தில், நீண்ட காதுகளையுடைய பாலைநில நரி ஒன்றை அவர் வளர்த்தார். அதைப் பற்றித் தம் சகோதரிக்குக் கடிதமும் எழுதினார். பின்னாளில் உலகக் குழந்தைகள் அனைவரும் அறிந்த நரி, இவ்வாறு ஓர் உண்மை நரியின் சாயலில் உருவெடுத்தது.

ஐரோப்பாவில் நிகழ்ந்த இந்த அஞ்சல் வரலாற்றுக்கு நம் நாட்டிலும் இணையுண்டு. 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா, கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் விமானத்தை ஓட்டிவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்னும் விமானி அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அந்த முதல் அஞ்சல் வழியின் தென்முனை சென்னையே. இன்று நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான விமானங்கள் ஏறியிறங்கும் வானத்தின் கீழ் வாழ்வோர், அவ்வானத்தின் வழியே அன்று மனிதர் மனிதர்க்கு எழுதிய கடிதங்கள் வந்தன என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று. குட்டி இளவரசனும் ஒருவகையில் கடிதமே. இறுதிப் பக்கத்தில் அந்நூல் வாசகரை நோக்கித் திரும்பி, ஒரு செய்தி வந்தால் தனக்கு எழுதித் தெரிவிக்குமாறு வேண்டிக்கொள்கிறது.

பாலையில் நான்கு நாட்கள்

1935 டிசம்பர் இறுதியில், பாரிசிலிருந்து சைகோனுக்கு மிகக் குறைந்த நேரத்தில் பறப்பவர்க்கு அறிவிக்கப்பட்டிருந்த பரிசை நாடி, செந்த்-எக்சுபெரி தம் இயந்திர வல்லுநர் ஆந்த்ரே பிரெவோவுடன் புறப்பட்டார். டிசம்பர் 30ஆம் நாள் பின்னிரவில் அவர்கள் சென்ற விமானம் லிபியப் பாலைநிலத்தில் மோதி நொறுங்கியது. இருவரும் உயிர் தப்பினர். ஆனால் கையில் எஞ்சியவை சிறிது திராட்சை, ஓரிரு ஆரஞ்சு, கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மது ஆகியவையே. நீர் தேடி நடந்தனர். கானல் கண்டு ஏமாந்தனர். இல்லாத மனிதர்களையும் இல்லாத ஏரிகளையும் கண்டனர். நான்காம் நாள் ஒட்டகத்தில் வந்த பெதூயின் ஒருவர் கண்டு நீர் கொடுத்துக் காப்பாற்றினார். இந்த நிகழ்ச்சியை அவர் 1939இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். அந்நூலுக்குப் பிரெஞ்சு அகாதெமியின் பெரும்பரிசு கிடைத்தது.

குட்டி இளவரசன் கதையும் பாலையில் விழுந்த விமானத்திலிருந்தே தொடங்குகிறது. எட்டு நாட்களுக்கு மட்டுமே நீர் வைத்திருக்கும் விமானி, விடியற்காலையில் ஒரு சிறுவனின் குரல் கேட்டு விழிக்கிறான். தனக்கு ஓர் ஆட்டுக்குட்டி வரைந்து தருமாறு அச்சிறுவன் கேட்கிறான். சாவின் விளிம்பில் நிற்பவனிடம் ஆட்டுக்குட்டிப் படம் கேட்பது பொருந்தாத செயலாகத் தோன்றலாம். ஆயினும் அப்பொருந்தாமையே நூலின் உயிர்நிலை. நீர் வற்றிய இடத்தில் நின்று எழுதப்பட்டதால்தான், கதையின் முடிவில் இருவரும் கிணற்றைக் கண்டு நீர் இறைக்கும் பகுதி வெறும் உவமையாக நின்றுவிடாமல் தொண்டையில் உணரப்படுகிறது. தாகத்தை அறியாதவர் அப்பக்கங்களை எழுதியிருக்க முடியாது. கோடைதோறும் குடத்தோடு தெருக்குழாய்முன் காத்திருந்து பழகிய சென்னைப் புறநகர் வாசகர்க்குக் கிணற்று நீரின் இன்பத்தை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

புலம்பெயர்ந்தவரின் மேசை

1940இல் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. உளவு விமானியாகப் போரில் பங்குகொண்ட செந்த்-எக்சுபெரி, அவ்வாண்டின் கடைசி நாளில் நியூயார்க் வந்திறங்கினார். சில வாரம் தங்க எண்ணி வந்தவர் இரண்டாண்டுக்கு மேல் அங்கே தங்க நேர்ந்தது. அவர் ஆங்கிலம் கற்க முயலவில்லை. புலம்பெயர்ந்த பிரெஞ்சுக்காரர்கள் தமக்குள் பிளவுபட்டிருந்தனர்; எப்பிரிவிலும் சேராத அவரை எல்லாப் பிரிவினரும் ஐயுற்றனர். பழைய விபத்துகளின் வலி உடலை வாட்டியது. 1931இல் மணந்த கான்சுவேலோவுடன் வாழ்க்கை அன்பும் பிணக்குமாகக் கழிந்தது. எரிமலைகள் நிறைந்த எல் சால்வடோர் நாட்டில் பிறந்தவரும், ஆஸ்துமா நோயால் இருமியவருமான அம்மையாரே, மூன்று சிற்றெரிமலைகளையுடைய கோளில் இருமிக்கொண்டு செல்லம் கொஞ்சும் ரோசாமலரின் மூலவடிவம் என்று பலரும் கருதுவர்.

இத்தகைய நாட்களில், 1942ஆம் ஆண்டின் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் அவர் குட்டி இளவரசனை எழுதினார். படங்களையும் தாமே நீர்வண்ணத்தில் தீட்டினார். இன்று நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் பாதுகாக்கப்படும் கையெழுத்துப்படி, அவர் எவ்வளவு எழுதி எவ்வளவு நீக்கினார் என்பதற்குச் சான்று. ஏறக்குறைய பாதிதான் அச்சுக்கு வந்தது. நியூயார்க் நகரைப் பற்றிய குறிப்புகளும் முதற்படியில் இருந்தன. பின்னர் அவற்றை அவரே அகற்றிவிட்டார். ஊர்ப்பெயர் நீங்கியதால் கதை எல்லா ஊர்க்கும் உரியதாயிற்று. சொல்லைச் சேர்ப்பதைவிடச் சொல்லைக் களைவது கடினம் என்பதைக் கவிஞர்கள் அறிவர். இந்நூல் உரைநடையில் எழுதப்பட்டிருந்தும் கவிதையாகப் படிக்கப்படுவதற்கு அந்தக் களையெடுப்பே காரணம்.

நூலின் காணிக்கையும் வரலாற்றோடு பிணைந்தது. லெயோன் வெர்த் என்னும் நண்பருக்கு, அவர் சிறுவனாக இருந்த பருவத்தை எண்ணி, நூல் படைக்கப்பட்டிருக்கிறது. வெர்த் யூதர். ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில் ஒரு மலைப்பகுதிச் சிற்றூரில் குளிரிலும் பசியிலும் ஒளிந்து வாழ்ந்தவர். பெரியவர் ஒருவருக்குக் குழந்தை நூலைக் காணிக்கையாக்கியதற்கு ஆசிரியர் குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது நகைச்சுவைபோல் தோன்றும். அதன் பின்னே, காப்பாற்ற இயலாத நண்பனை எண்ணிய ஒருவரின் துயரம் உள்ளது. வேர்விட்டுக் கோளையே பிளந்துவிடும் பெருக்கமரத்தை முளையிலேயே கிள்ளவேண்டும் என்னும் பகுதியை அன்றைய வாசகர் பலர் நாசிசத்தைக் குறித்த எச்சரிக்கையாகக் கொண்டதும் இயல்பே.

திரும்பாத விமானம்

1943 ஏப்ரல் 6ஆம் நாள் நியூயார்க்கின் ரெனால் அண்டு ஹிட்ச்காக் நிறுவனம் நூலை வெளியிட்டது. கேத்தரின் உட்சின் ஆங்கில மொழிபெயர்ப்பும் பிரெஞ்சு மூலமும் அங்கேயே வந்தன. திறனாய்வாளர் சிலர் இது குழந்தைகளுக்கான நூலா, பெரியவர்களுக்கான நூலா என்று குழம்பினர். மேரி பாப்பின்ஸ் கதைகளை எழுதிய பி.எல். டிராவர்ஸ் மட்டும் அதன் அருமையை அப்போதே உணர்ந்து பாராட்டினார். நூல் வெளிவந்த அதே மாதத்தில் ஆசிரியர் மீண்டும் போர்ப்பணிக்காக வட ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார்.

1944 ஜூலை 31ஆம் நாள் காலை, கோர்சிகாத் தீவின் போர்கோ தளத்திலிருந்து படமெடுக்கும் பணிக்காகத் தனியே புறப்பட்ட அவர் திரும்பவில்லை. அகவை நாற்பத்து நான்கு. வெர்த் உயிர் பிழைத்தார். ஆனால் தமக்குக் காணிக்கையாக்கப்பட்ட நூலைப் பற்றி அவர் அறிந்தது நண்பர் மறைந்த பின்னரே. பிரான்சில் கல்லிமார் பதிப்பகம் 1946இல்தான் அதை வெளியிட முடிந்தது. எழுதிய மொழியின் தாய்நாட்டில் நூல் அச்சேறியபோது ஆசிரியர் இல்லை, உடலும் கிடைக்கவில்லை. 1998இல் மார்செய் அருகே மீனவர் ஒருவரின் வலையில் அவர் பெயர் பொறித்த கைச்சங்கிலி சிக்கியது. 2000இல் கடலடியில் கண்டறியப்பட்டு 2003இல் மேலே எடுக்கப்பட்ட விமானச் சிதைவுகள், 2004இல் அவர் ஓட்டிச் சென்ற விமானத்திற்குரியவை என உறுதிசெய்யப்பட்டன. கதையில் குட்டி இளவரசனின் உடலும் விடிந்தபின் மணலில் காணப்படவில்லை. எழுத்தாளரின் முடிவு அவர் எழுத்தைப் போலவே அமைந்ததால், நூலுக்கு வாசகர் மனத்தில் இரண்டாவதொரு பொருள் படிந்துவிட்டது.

அச்சுப் பிழையொன்றும் இவ்வகையில் சுவையானது. தன் சிறு கோளில் நாற்காலியைச் சற்று நகர்த்தி நகர்த்தி இளவரசன் ஒரே நாளில் பார்த்த சூரிய மறைவுகள் அமெரிக்கப் பதிப்பில் 44. பாரிசுப் பதிப்பில் அவ்வெண் 43 ஆயிற்று. 1999இல்தான் பிரெஞ்சுப் பதிப்பு மூலத்தின்படி திருத்தப்பட்டது. ஆசிரியரின் அகவையும் 44 என்பதை வாசகர்கள் சேர்த்தெண்ணி உருகினர். அது தற்செயலே. தற்செயலிலும் பொருள் தேடவைக்கும் ஆற்றல் நிலைத்த நூல்களுக்கு உண்டு.

பின்னர் நூல் உலகைச் சுற்றியது. 1961இல் ‘ரெகுலுஸ்’ என்னும் பெயரில் இலத்தீனுக்குச் சென்றது. 1993இல் பிரான்சின் 50 பிராங்கு பணத்தாளில் ஆசிரியரின் உருவமும் இளவரசனின் படமும் இடம்பெற்றன. யூரோ வந்த 2002 வரை அத்தாள் புழங்கியது. 1993இல் ஜப்பானிய வானியலாளர் கண்டறிந்த 46610 என்னும் எண்ணுடைய சிறுகோளுக்கு, இளவரசனின் கோளாகிய பி-612ஐ நினைவூட்டும் பிரெஞ்சுப் பெயர் சூட்டப்பட்டது. கணினித் துறையில் வழங்கும் பதினாறன் அடிமான முறையில் 46610ஐ எழுதினால் பி612 என்றே வரும். 2017இல் மொழிபெயர்ப்புகளின் எண்ணிக்கை 300 மொழிகளை எட்டியபோது, அந்த 300ஆவது மொழி சகாராவில் வழங்கும் ஹசானியா அரபு. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நரி வளர்த்த விமானி தங்கியிருந்த மணற்பரப்பின் மொழி அது. இன்று கிளைமொழிகளையும் சேர்த்து ஐந்நூறுக்கு மேல் எனக் கணக்கிடப்படுகிறது.

தமிழுக்கு வந்த வழி

தமிழில் குழந்தை இலக்கியத்தின் வலிமை நெடுங்காலம் பாட்டிலேயே இருந்தது. ஔவையின் ஆத்திசூடி முதலாகப் பாரதி, கவிமணி, ‘மலரும் உள்ளம்’ தந்த அழ. வள்ளியப்பா வரை அம்மரபு அறுபடாமல் வந்தது. 1947இல் அம்புலிமாமா தோன்றியது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாயிற்று. வாண்டுமாமா போன்றோர் பல தலைமுறைச் சிறுவர்க்குத் தொடர்கதைகளால் விருந்து படைத்தனர். இருப்பினும், தீவிர இலக்கியம் ஒருபுறமும் குழந்தை எழுத்து மறுபுறமுமாகப் பிரிந்து நின்ற நிலை தமிழில் இருந்தது. ஒருசாரார் எழுத்தை மறுசாரார் பொருட்படுத்துவது அரிதாயிற்று.

இச்சூழலில் 1981இல் சென்னையின் க்ரியா பதிப்பகம் ‘குட்டி இளவரசன்’ நூலை வெளியிட்டது. வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் அதனைப் பிரெஞ்சு மூலத்திலிருந்தே மொழிபெயர்த்தனர். ஐரோப்பிய நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வாயிலாகவே தமிழுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் இது குறிப்பிடத்தக்க செயல். முந்தைய ஆண்டில் ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் வந்திருந்தது. மதனகல்யாணி பிரெஞ்சுமொழி வேரூன்றிய புதுச்சேரியைச் சேர்ந்தவர். பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணனோ ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு அச்சிட்டவர். 1992இல் தற்காலத் தமிழ் அகராதியை வெளியிட்டு, 2020இல் கொரோனா தொற்றால் மறையும் வரை அப்பணியிலேயே மூழ்கியிருந்தவர்.

தீவிர வாசகரை முன்னிட்டு இயங்கிய பதிப்பகத்திலிருந்து குழந்தைக் கதை வந்ததால், மேற்சொன்ன இரு உலகங்களுக்கும் இடையே ஒரு பாலம் அமைந்தது. சிறுபத்திரிகை வாசகர்கள் ஆட்டுக்குட்டியையும் நரியையும் பற்றிப் பேசினர். இதில் ஒரு குறையும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. நூல் பெரியவர்களின் அலமாரியில் இடம்பிடித்த அளவுக்குக் குழந்தைகளின் கைக்குச் சென்றதா என்பது இன்றும் கேட்கத்தக்க கேள்வி. எந்தப் பெரியவர்களின் பார்வைக் குறையை நூல் எள்ளி நகையாடுகிறதோ, அவர்களிடமே அது தங்கிவிடுவது முரணன்றோ?

நீயும் நீங்களும்

மொழிபெயர்ப்பு நோக்கில் தமிழுக்கு இந்நூலில் சில இயற்கையான வாய்ப்புகள் உள்ளன. பிரெஞ்சில் முன்னிலைக்கு மரியாதைச் சொல் வேறு, உரிமைச் சொல் வேறு. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. குட்டி இளவரசன் விமானியிடம் பேசும் முதல் வாக்கியத்திலேயே மரியாதையும் உரிமையும் கலந்து வருகின்றன; அறிமுகமில்லாதவரிடம் பணிவாகத் தொடங்கி, அடுத்த நொடியே ஒரு குழந்தையின் உரிமையோடு கேட்டுவிடுகிறான். ரோசாமலரும் இளவரசனும் நெடுநேரம் மரியாதைப் பன்மையிலேயே பேசிக்கொள்கின்றனர். பிரியும் வேளையில்தான் மலர் ஒருமைக்கு மாறுகிறது. தன் அன்பை அது முதன்முறை வெளிப்படையாகச் சொல்லும் இடமும் அதுவே. ஆங்கிலம் மட்டும் படித்தவர்க்கு இந்த நுட்பம் எட்டாது. ‘நீங்கள்’ என்பதிலிருந்து ‘நீ’ என்பதற்கு இறங்கும்போது நெருக்கம் ஏறுகிறது என்பதைத் தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த எந்தக் குழந்தையும் அறியும்.

நரியின் பகுதி மற்றோர் எடுத்துக்காட்டு. விலங்கை வசப்படுத்துவதைக் குறிக்கும் சொல்லை, உறவை உண்டாக்கிக்கொள்ளுதல் என்னும் பொருளில் அங்கே நரி விளக்குகிறது. பல மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லில் இடறினர். அடக்குதல் என்றால் கொடுமை தொனிக்கும். நட்பாக்குதல் என்றால் விலங்கு மறைந்துவிடும். தமிழிலோ ‘பழகு’ என்பதும் ‘பழக்கு’ என்பதும் ஒரே வேரில் கிளைத்தவை. யானையைப் பழக்குகிறோம், மனிதரோடு பழகுகிறோம். நல்ல மனிதரை நன்றாகப் பழகக்கூடியவர் என்கிறோம். வள்ளுவர் நட்புக்குப் பின் பழைமை என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நாள்தோறும் ஒரே நேரத்தில் வந்து, பேசாமல் சற்றுத் தள்ளி அமர்ந்து, மெல்ல மெல்ல நெருங்கவேண்டும் என்று நரி கற்பிக்கும் பாடம், ‘பழக்கம்’ என்னும் ஒரு சொல்லிலேயே தமிழர்க்கு அடங்கியிருக்கிறது. பெருக்கமரமும் தமிழ்நிலத்திற்கு முற்றிலும் அயலன்று. ஈழத்தின் மன்னாரிலும் நெடுந்தீவிலும் அதன் பருத்த அடிமரங்களை இன்றும் காணலாம்.

அம்புலியும் இளவரசனும்

தமிழ்க் கவிஞர்கள் இக்கதையைத் தம் மரபோடு ஒப்பிட்டுக் காணவும் இடமுண்டு. பிள்ளைத்தமிழில் ஆறு பருவங்களைக் கடந்து ஏழாவதாக வருவது அம்புலி. வானத்து நிலவைக் கீழே அழைத்து, இக்குழந்தையோடு விளையாட வா என்று கெஞ்சியும் மிஞ்சியும் பாடும் பகுதி அது. புலவர்க்கு அம்புலி புலி என்று சொல்லுமளவுக்குக் கடினமானது. அங்கே வானம் மேலே நிற்கிறது. குழந்தை தாயின் இடுப்பில் இருக்கிறது. இடையில் நின்று கவிஞர் பேசுகிறார். குட்டி இளவரசனில் இவ்வமைப்பு தலைகீழாகிறது. வானத்திலிருந்து குழந்தையே இறங்கி வருகிறது. தரையில் நிற்பவர் பெரியவர். அழைப்பவர் எவருமில்லை, இடையில் பேசவும் எவருமில்லை. நிலவை அழைத்து வளர்ந்த பண்பாட்டில் பிறந்த வாசகர், அழைக்காமலே வந்து நிற்கும் இந்தக் குழந்தையைக் கண்டு திகைத்து நின்றுவிடுவதில் வியப்பில்லை.

பூமிக்கு வருமுன் அவன் ஆறு சிறுகோள்களில் ஆறு பெரியவர்களைக் காண்கிறான். ஆள மக்களில்லாத அரசன், கைதட்டலுக்கு ஏங்கும் தற்பெருமையாளன், வெட்கத்தை மறக்கக் குடித்துக் குடிப்பதற்கு வெட்கப்படுபவன், விண்மீன்களை எண்ணி உடைமையாக்கும் வணிகன், கட்டளை மாறாததால் ஓய்வின்றி விளக்கேற்றுபவன், தன் நாட்டையே சுற்றிப் பாராத நிலநூலார். இவர்களை இந்த நூற்றாண்டிலும் எந்த அலுவலகத்திலும் எந்த மேடையிலும் காணலாம். விளக்கேற்றுபவன் ஒருவனிடம் மட்டும் இளவரசனுக்கு மதிப்பு உண்டாகிறது. அவன் தன்னைத் தவிர வேறொன்றைப் பேணுகிறான் என்பதால். அவ்வாறே, பி-612ஐக் கண்டுபிடித்த துருக்கிய வானியலாளரின் சொல்லை அவர் நாட்டுடையில் வந்தபோது எவரும் ஏற்கவில்லை. ஐரோப்பிய உடையில் வந்தபோது எல்லோரும் ஏற்றனர். ஆள் பாதி ஆடை பாதி என்று சொல்லிச் சிரிக்கும் நம் நாட்டு வாசகர்க்கு, அந்நியர் ஆட்சியின் நினைவும் சேர்ந்து, இப்பகுதி பிரெஞ்சு வாசகர்க்குத் தைக்காத இடத்திலும் தைக்கும்.

நிலைபேற்றுக்குக் காரணம்

குட்டி இளவரசன் நிலைத்ததற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் வாழ்ந்து பெற்றது. நரி, மலர், பாலை, தாகம், பிரிவு ஆகிய எதுவும் குழந்தைகளை மகிழ்விக்கக் கற்பனையில் புனைந்ததன்று. இரண்டாவது, ஆசிரியர் குழந்தைகளிடம் துயரத்தை மறைக்கவில்லை. குழந்தை நூல் என்றால் தீயவை தோற்று நல்லவை வென்று எல்லாம் இனிது முடியவேண்டும் என்னும் நியதியை அவர் மீறினார். இளவரசன் இறந்தானா, தன் கோளுக்குத் திரும்பினானா, ஆடு மலரைத் தின்றதா என்பவற்றை வாசகரிடமே விட்டுவிட்டார். எட்டு வயதில் ஒரு விடை தோன்றும், நாற்பது வயதில் வேறு விடை தோன்றும், இரண்டும் பிழையாகா. மூன்றாவது, நடை. சிறு வாக்கியங்கள், எளிய சொற்கள், திரும்பத் திரும்ப வரும் தொடர்கள். பாட்டி கதை சொல்லும்போது கையாளும் அதே உத்தி. ஆகவே அதை வாய்விட்டுப் படிக்கும்போது முழுச் சுவை தெரிகிறது.

இம்மூன்றும் எழுதுவோர்க்குரிய பாடங்கள். குழந்தைக்கு எழுதுவது எளிய வேலை என்றும், கவிதையில் தேறாதவர் செய்யும் வேலை என்றும் எண்ணும் மனப்பான்மை தமிழில் முற்றிலும் நீங்கவில்லை. பாரதியும் கவிமணியும் அவ்வாறு எண்ணவில்லை. போர்க்களத்துக்குப் புறப்படுமுன் தம் கடைசி வலிமையைத் திரட்டிய ஒரு பெருங்கலைஞரும் அவ்வாறு எண்ணவில்லை. உலகத்திடம் தாம் சொல்ல விரும்பியதை ஒரு சிறுவனின் வாயில் வைத்துச் சொன்னார்.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டு ஓடுதளத்தில் நீர் புகுந்தபோது, மீனம்பாக்கத்தில் சில நாட்கள் விமானம் எதுவும் எழவில்லை. வெள்ளத்தில் சிக்கிய சுற்றுவட்டார ஊர்களின் வானில் அந்நாட்களில் வழக்கமான பேரொலி இல்லை. பெரியவர்கள் நீர் வடியும் கணக்கைப் பார்த்திருந்தனர். அண்ணாந்து பார்த்து, விமானம் எங்கே போயிற்று என்று கேட்கும் குழந்தைக்கு என்ன விடை சொல்வது? அத்தகைய கேள்விகளுக்குச் செவிசாய்த்து விடை எழுதுவோர் தமிழில் இன்னும் பெருகவேண்டும். பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் கூட்டங்களில் மாதம் ஒருமுறையேனும் முன்வரிசை நாற்காலிகளில் சிறுவர் அமர்ந்து, கவிஞர் ஒருவர் குட்டி இளவரசனை வாய்விட்டுப் படிக்கக் கேட்பார்களாயின், 1981இல் தமிழுக்கு வந்த அந்நூல் சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்ததாகும். படிப்பதற்கு நடுவே விமானம் ஒன்று கூரைக்கு மேலே கடந்தால், ஒலி அடங்கும் வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.